ஆளுக்குக் கொஞ்சம் தளர்வு

பம்ப் வியாபாரி வந்துகொண்டிருந்தார். அவர் கண் முன்னாலேயே எங்கள் சின்ன மில்லிங் மெஷினில் ஓர் இரும்புத் துண்டைச் சீவிக் காட்ட வேண்டும். சீவிய முகம் வழவழவென்று வந்தால் வருஷம் முழுக்க அவர் வேலை எங்களுக்கு. வரிவரியாக அலையடித்தால் எதிர்ப் பட்டறைக்கு.

மெஷினோ காலையிலிருந்து எங்கள் உயிரை வாங்கியது. கட்டரை மாட்டிச் சுழற்றும் ஸ்பிண்டிலில் பேரிங் ஆட்டம். அதற்கு இரண்டு நட்டு. முதல் நட்டு பேரிங்கை இறுக்கும். அதன் முதுகில் ஏறும் பூட்டு நட்டு அதை நகராமல் பிடிக்கும். இதில் ஒரு வில்லங்கம்: பூட்டும்போது முதல் நட்டு இன்னும் கொஞ்சம் முன்னே தள்ளப்படும். கச்சிதமாக வைத்துப் பூட்டினால் இறுக்கம் கூடி, இஸ்திரிப்பெட்டியாகச் சுடும். அதனால் முன்கூட்டியே துளி தளர்வு விட வேண்டும்.

முதல் நட்டு என் மனைவியின் தம்பி கையில். பூட்டுவது நான். இருவருமே துணிக்கடை வம்சம். யார் எதைச் சொன்னாலும் பாதியைக் கழித்துக் கேட்டே வளர்ந்த காதுகள்.

"சரியா இருக்கு மாமா, பூட்டுங்க."

இவன் சரி என்றால் இறுக்கம்தான் என்று, பூட்டுமுன் நைசாக ஒரு மயிரிழை தளர்த்தினேன். சீவினால் அலை அலையாகக் கோடு.

"நான்தான் பூட்டுக்குன்னு ஏற்கெனவே விட்டிருந்தேனே!"

"சரியா இருக்குன்னுதானேடா சொன்னே?"

"விட்டிருக்கேன்னு சொன்னா நீங்க இறுக்கிடுவீங்களே!"

மறுபடி ஆரம்பித்தோம். நான் விடுவேன் என்று அவன் விடவில்லை. அவன் விட்டிருப்பான் என்று நானும் விடவில்லை. ஓடவிட்டுக் கைவைத்தேன். சுரீரென்றது.

"ஊரையே நம்பாத ஆளு, இன்னைக்குன்னு பாத்து என்னை ஏன் மாமா நம்புனீங்க?"

பிசிறு தேய்த்துக்கொண்டிருந்த மனைவி அரத்தை வைத்துவிட்டு வந்தாள். "ஒரே நட்டுக்கு ரெண்டு பேரும் தள்ளுபடி கொடுத்தா கடை உருப்படுமா? டேய், நீ மட்டும் விடு. விட்டதை வாயத் தொறந்து சொல்லு. நீங்க அவன் வெச்சதைத் தொடாம பூட்டுங்க."

மச்சானுக்கு உண்மை சொல்வது பல் பிடுங்குகிற மாதிரி. "ஒரு நூல் அளவு... விட்டிருக்கேன்."

"சத்தியமா?"

"அக்கா, இவரைப் பாருக்கா!"

வாசலில் செருப்புச் சத்தம். பல்லைக் கடித்துக்கொண்டு பூட்டினேன். ஓடியது, வெதுவெதுப்பு, அவ்வளவுதான். கம்பி கொடுத்து நெம்பினேன், ஆட்டமில்லை. வியாபாரி பார்க்கவே சீவினோம்.

துண்டை வெளிச்சத்தில் சாய்த்தார். நகத்தால் வருடினார். உதட்டைப் பிதுக்கினார். "ம்... ஏதோ சுமார்."

எங்கள் மூவர் வயிற்றிலும் பால் வார்த்தது. வேண்டாத சரக்குக்கு எந்த வியாபாரி உதட்டைப் பிதுக்குவான்?

"முதல் லோடு எப்போ கிடைக்கும்?"

"ஒரு மாசம் ஆகும்," என்றேன், அவர் குறைப்பார் என்று.

"ஒரே வாரம் சார்!" என்றான் மச்சான் அதே மூச்சில், நான் கூட்டுவேன் என்று.

வியாபாரி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என் மனைவி பக்கம் திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கம்மா."