பூட்டிய அறையின் கீழே ஓர் அலை

"நிறுத்து பாகஸ், கையால பிடிச்சு நிறுத்து!" என்றாள் ஆசிரியை ஹெர்வந்தி.

பாகஸ் பெஞ்சின் மேல் தாவினான். தலைக்கு மேல் தளத்துக் கொக்கியிலிருந்து சுருள்வில்லோடு ஆடிக்கொண்டிருந்த டார்ச்சைப் பிடித்தான். நின்றது. கையை எடுத்தான். டார்ச் மெல்ல, தானாகவே, மறுபடி ஏறி இறங்கத் தொடங்கியது.

"நான் தொடவே இல்ல இபு! சத்தியமா டீச்சர்!"

ஹெர்வந்தி டார்ச்சுக்கு நேர் கீழே மல்லாந்து கிடந்த கைபேசியையே பார்த்தாள். டார்ச் இறங்கினால் வெளிச்சம் கூடும், ஏறினால் குறையும். கைபேசியின் ஒளி உணரி அதைத் திரையில் அலையாக வரைந்துகொண்டிருந்தது. மின்விசிறியை அணைத்தாயிற்று. ஜன்னலையும் சாத்தியாயிற்று. வெளியே புர்வொகெர்த்தோ ஊரின் மழை மூன்றாவது நாளாகக் கொட்டியது.

"மேல் மாடியில குந்திலானாக் மோகினிப் பேய் ஊஞ்சல் ஆடுதுடா," என்றான் பாகஸ்.

"உன்னைத்தான் மாப்பிள்ளை பார்க்க வந்திருக்கும்," என்றாள் முன்வரிசை குஸ்னுல். வகுப்பே சிரித்தது.

ஹெர்வந்தி சிரிக்கவில்லை. "வில்லைக் கழட்டு. டார்ச்சைக் கொக்கியோட சேர்த்துக் கம்பியால இறுக்கிக் கட்டு."

கட்டினான். இனி ஆட எதுவுமில்லை. ஆனாலும் திரையில் அலை வந்தது. சின்ன அலைதான். வினாடிக்கு நான்கு.

அப்படியானால் ஆடுவது டார்ச் அல்ல. தலைக்கு மேலிருக்கும் தளம்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே நான்கு மூன்றரையானது. பிறகு மூன்று.

சிரிப்பு அடங்கிவிட்டது. காலையில்தான் வில்லில் பித்தளை எடைகளை ஒவ்வொன்றாக மாட்டி, அலை மந்தமாவதை எல்லோரும் நோட்டில் குறித்திருந்தார்கள்.

"எடை ஏறினாத்தானே மெதுவாகும்?" குஸ்னுல் நோட்டைத் திறந்து பார்த்தாள். "மேல யாரு இபு ஏத்துறாங்க?"

மேல் அறை எட்டு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது.

"பையெல்லாம் கிடக்கட்டும். ஓடாம, சத்தம் போடாம, வெளிய போங்க. உடனே!"

முப்பத்து நான்கு பிள்ளைகள். வாசலிலேயே காவலாளி முல்யோத்தோ கையை விரித்து மறித்தார்.

"செய்முறை வகுப்பு நேரத்துல வெளிய விட்டா ஹெட்மாஸ்டர் என் தோலை உரிச்சிடுவார் இபு!"

"என் தோலை உரிக்கச் சொல்லுங்க. வழி விடுங்க!"

கடைசிப் பிள்ளையும் வராந்தாவைத் தாண்டியது. அறைக்குள் 'டப்'பென்று ஒரு சத்தம். கைபேசியின் மேல் உள்ளங்கையளவு காரை பெயர்ந்து விழுந்திருந்தது.

"முல்யோத்தோ பாக், சொல்லுங்கய்யா, மேல என்ன இருக்கு?" என்றாள் ஹெர்வந்தி.

"காலி அறைதான் இபு."

"பாக்!"

அவர் சாவிக்கொத்தில் அந்த அறைச் சாவியைத் தேடி எடுத்தார்.

"பாடத்திட்டம் மாறினப்பல்லாம் மிஞ்சின பழைய புத்தகம் இபு. அரசாங்கச் சொத்து, உத்தரவு வராமத் தூக்கிப் போடக் கூடாதுல்ல? உத்தரவு வரவே இல்ல. தரையிலேர்ந்து மேல்வரைக்கும் நான்தான் அடுக்கினேன்." மேலே கை காட்டினார். "கூரை ஓடு உடைஞ்சு மூணு நாளாச்சு. அத்தனை புத்தகமும் தண்ணி குடிச்சிட்டே இருக்கு."