விட்டுப்போனவர்களின் பஸ்

அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியப் பேராசிரியர் வாயைத் திறந்து ‘அதைவிட இது மேல்’ என்று சொன்னால், ‘அது’ ஊரை விட்டுப் போய்விடும். வேலையில் சேருகிற அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள், குவார்ட்டர்ஸில் தண்ணீர் எப்போது வரும், எந்த நாய் கடிக்கும் என்று சொல்கிற வாக்கில். ‘வந்துவிடு’, ‘தூங்கிவிடு’ எல்லாம் சேர்த்தி இல்லை. இரண்டை எதிரெதிரே நிறுத்தி நடுவில் போடுகிற ‘விட’வுக்குத்தான் அந்த வலு. அதுவும் பதவியில் இருக்கிற பேராசிரியர் வாய்க்கு மட்டும். மற்றபடி ஊர்ப் பெண்கள் நாத்தனாரைவிட ஓரகத்தி தேவலை என்று விடிய விடியப் பேசலாம், ஒரு தூசி நகராது.

சுகிர்தா இதற்கெல்லாம் தலையாட்டிக்கொண்டுதான் வேலையில் சேர்ந்தாள். இளம் வயது, கான்வென்ட் படிப்பு, நாலு பாஷை தெரியும் என்கிற மிதப்பு. ஆங்கிலத்தில் ஒப்பிட்டால் எதுவும் அசையாது, அதனால் விவரம் தெரிந்தவர்கள் ஆங்கிலத்திலேயே காலத்தை ஓட்டினார்கள். சுகிர்தாவுக்குத் தமிழில்தான் பேசுவேன் என்று பிடிவாதம். பிடிவாதத்தை யார் குறை சொன்னது? அதை எங்கே கொண்டுபோய் வைக்கிறோம் என்பதுதானே விஷயம்.

முதல் கருத்தரங்கில், “ரஷ்ய நாவல்களைவிட நம் நாட்டார் கதைகளில் மனிதர்கள் அதிகம்” என்றாள். அன்று பிற்பகல் நூலகத்தில் ரஷ்ய நாவல்கள் அடுக்கிலிருந்து ஒவ்வொன்றாக இறங்கி, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்து போயின. சண்டையில்லை, சத்தமில்லை. கடைசியாகப் போனது விளக்கை அணைத்துவிட்டுப் போனது. விட்டுப்போகிறவர்களுக்கென்று ஒரு பஸ் உண்டு, அதில் வேறு யாரும் ஏற முடியாது. கண்டக்டர் தடித்தவற்றுக்கு முழு டிக்கெட்டும், கூடவே கிளம்பிய சிறுகதைகளுக்கு அரை டிக்கெட்டும் கிழித்துக் கொடுத்தார்.

அடுத்த வருஷமே சுகிர்தாவுக்குப் பதவி உயர்வு வந்தது. துணிச்சலான கருத்து என்று எல்லாரும் பாராட்டினார்கள். அப்புறம் வாய் நிற்குமா? பிரெஞ்சு நாடகங்கள் போயின. ஜப்பானியக் கவிதைகள் போனது யாருக்கும் தெரியவே இல்லை, அவ்வளவு சின்ன உருவம். லத்தீன் அமெரிக்க நாவல்கள் போக இரண்டு பஸ் வேண்டியிருந்தது. உலக இலக்கியத் துறை என்று வாசலில் பலகை இருந்தது, உள்ளே உலகம் குறைந்துகொண்டே வந்தது, சுகிர்தாவின் நாற்காலி மட்டும் பெரிதாகிக்கொண்டே போனது.

துறையில் கனகசபை என்று ஒருத்தர் இருந்தார். அவர் ஜென்மத்துக்கும் ‘விட’ போட்டதில்லை, ‘போல’தான். இந்த ஊர் மழைபோல அந்த ஊர் மழை, இந்தத் தாலாட்டுபோல அந்தத் தாலாட்டு. அவர் பேச்சால் எதுவும் எங்கேயும் போகவில்லை. அவருக்கும் எதுவும் எங்கேயிருந்தும் வரவில்லை, பதவி உயர்வு உட்பட. “ஒப்பிலக்கியத்துல சார்தான் ஒப்புக்குச் சப்பாணி” என்று சுகிர்தா ஒரு நாள் எல்லார் முன்னாலும் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பிற்பாடு அவளுக்குப் பல நாள் சோற்றுக் கல்லாக நெருடியது.

வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். சுகிர்தாவின் வீட்டுக்காரர் ஜெயசீலன் தாவரவியல் பரிசோதனைக்கூடத்தில் இருந்தார். சாது. அடுப்படிக் குழாய் பத்து நாளாகச் சொட்டிக்கொண்டிருந்தது, அவரோ ஏதோ பாசியை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சுகிர்தா பாத்திரத்தை நங்கென்று வைத்துவிட்டு, “உங்களைவிட எங்க அக்கா வீட்டு அத்தான் எவ்வளவோ தேவலை. குழாய்னா குழாய், ஃபியூஸ்னா ஃபியூஸ்” என்றாள். எந்த வீட்டில்தான் பெண்டாட்டி இதைச் சொல்லவில்லை? மற்ற வீட்டு ஆம்பிளைகள் பேப்பரைத் திருப்பிப் பிடித்துக்கொள்வார்கள். ஜெயசீலன் லென்ஸைத் துடைத்துப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்து சட்டை போட்டார்.

“வாஷர் வாங்கி ஜன்னல்ல வச்சிருக்கேன், சுகி.”

“குடை எடுத்துக்கிடுங்க” என்றாள் சுகிர்தா. வேறு என்ன சொல்வாள்? அடுத்த சொல் எது வந்தாலும் இன்னும் யாராவது போவார்கள் என்று பயம்.

அவர் தொட்டிலில் கிடந்த லிடியாவின் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டுப் பஸ் ஏறினார். குழாய் இன்றைக்கும் சொட்டுகிறது.

விட்டுப்போனவர்கள் எல்லாரும் ஒரே ஊரில்தான் இறங்குகிறார்கள். லிடியா பேசப் பழகிய பிறகு அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் மகளிடம் மட்டும் போனில் பேசுவார். “பக்கத்து வீட்ல பிரெஞ்சு நாடகங்க குடியிருக்குதுங்க, பாப்பா. கொஞ்சம் சத்தம். ஆனா மனசு நல்ல மனசு, குழம்பு வச்சா ஒரு கிண்ணம் குடுத்து விட்ருதுங்க” என்பார். சுகிர்தா அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள்.

அன்றோடு வீட்டுக்குள் ‘விட’ என்ற சொல்லை அவள் எடுக்கவே இல்லை. இந்த ஊரில் அவளுக்கென்று மிஞ்சியிருந்தது லிடியா ஒருத்திதான். அவளையும் வாய்க்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் என்ன இருக்கிறது?

ஆனால் பிள்ளைகளுக்கு ‘விட’ வேண்டியிருக்கிறது. சோறு மாதிரி அதுவும் ஒரு தேவை. பள்ளிக்கூட ஓட்டப்பந்தயத்தில் ஜெயித்துவிட்டு, பிளாஸ்டிக் டம்ளரைத் தூக்கிக்கொண்டு லிடியா ஓடி வந்தாள்.

“அம்மா, நான் நல்லா ஓடினேனா?”

“நல்லா ஓடின.”

“யாரவிட?”

“நல்லா ஓடினட்டி. கால் கழுவிட்டு வா.”

பக்கத்து வீட்டுப் பிள்ளையைவிட என்று சொல்லியிருந்தால் அந்தக் குழந்தை பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கும். இதையெல்லாம் ஏழு வயதுக்கு எப்படி விளக்குவது? லிடியாவுக்குத் தெரிந்ததெல்லாம், மற்ற அம்மாக்கள் சொல்லுகிறதைத் தன் அம்மா சொல்லுவதில்லை என்பதுதான்.

பெரியவளாகி, பல் டாக்டருக்குப் படித்து, கடைத்தெருவில் ஆஸ்பத்திரி வைத்த பிறகும் அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒருமுறை சுகிர்தா ஆங்கிலத்தில், “யூ ஆர் தி பெஸ்ட்” என்றாள். “சாக்லேட் டப்பால எழுதியிருக்க மாதிரி இருக்கும்மா” என்றாள் லிடியா. “சரி, உன்னை எனக்கு ரொம்பப் பிடிக்கும்” என்றாள் சுகிர்தா. “உளுந்தவடையும்தான் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்.” இன்னொரு நாள் தாயாரின் வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “பல்லு எல்லாம் ஜோரா இருக்கும்மா. சொல்லுதான் சொத்தை.”

சுகிர்தா ஓய்வு பெறுகிற நாளுக்காகக் காத்திருந்தாள். அன்று மாலை ஐந்து மணி அடித்துவிட்டால் அவள் வாயும் ஊர்ப் பெண்கள் வாய் மாதிரி சாதாரண வாய். எல்லாரையும்விட நீதான், இந்தப் பூமியைவிட நீதான் என்று முப்பது வருஷத்து பாக்கியை ஒரே மூச்சில் கொட்டிவிடலாம். அந்த நாளும் வந்தது. அன்று காலையில் மகளுக்குத் தலை வாரிவிட்டபடியே, “அஞ்சு மணி ஆகட்டும், உனக்கு ஒண்ணு சொல்லுதேன்” என்றாள்.

“இப்பவே சொன்னா என்னம்மா?”

“அஞ்சு ஆகட்டும்.”

பாராட்டு விழாவை நூலகத்திலேயே வைத்தார்கள், அடுக்குகள் காலியாக இருந்ததால் நாற்காலி போட வசதி. துணைவேந்தர், சுகிர்தா உலக இலக்கியத்துக்கு ஆற்றிய தொண்டைப் பற்றி நீளமாகப் பேசினார். அவளுக்குப் பிறகு அந்தப் பதவிக்கு ஆள் எடுக்கப்போவதில்லை என்றும் சொன்னார், ஒப்பிட ஒன்றும் மிச்சம் இல்லை. கனகசபை கடைசி வரிசையில் குடையோடு உட்கார்ந்திருந்தார். சுகிர்தா கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்துக்குக் கொஞ்சம்தான் இருந்தது.

மகளை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். லிடியா மைக்கைப் பிடித்தாள்.

“எங்க அம்மாவுக்குத் துறைதான் மூத்த பிள்ளை, நான் இளையவ. கோவம்லாம் இல்ல. ரெண்டாவதாவே இருந்து பழகிட்டேன்.”

சபை சிரித்தது. லிடியாவும் சிரித்தாள், கடைசிச் சொல்லில் மட்டும் குரல் கொஞ்சம் பிசிறியது. பெற்ற வயிறு கடிகாரம் பார்க்குமா? சுகிர்தா விருட்டென்று எழுந்தாள்.

“என்னட்டி பேசுத? உன்னைவிட எனக்கு யாரு முக்கியம்?”

எல்லாரும் கைதட்டினார்கள்.

லிடியாவின் முகம், அந்த பிளாஸ்டிக் டம்ளரைத் தூக்கி வந்த நாள்போல, அப்படி மலர்ந்தது. “இதத்தாம்மா இவ்வளவு நாளா கேட்டேன்” என்றாள். மைக்கை வைத்துவிட்டு, துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, ஆஸ்பத்திரிச் சாவியை எடுத்து அம்மா கையில் கொடுத்தாள். “நாளைக்கு ஒரு அம்மாவுக்குப் பல் எடுக்கணும், சுகர் இருக்கு அவங்களுக்கு. வேற டாக்டர்ட்ட பாத்துச் செய்யச் சொல்லுங்க.” பிறகு படியிறங்கி நடந்தாள்.

தோளில் பொன்னாடையோடு சுகிர்தா பின்னாலேயே ஓடினாள். பஸ் தயாராக நின்றது. லிடியா ஜன்னலோரமாக உட்கார்ந்து முழு டிக்கெட் வாங்கிக்கொண்டாள்.

“என்னையும் ஏத்திக்கிடுங்க, தம்பி” என்றாள் சுகிர்தா.

கண்டக்டர் மரியாதைக்காரர். “உங்கள யாரும் விடலையேம்மா” என்றார்.

உண்மைதான். அப்போதுதான் அவளுக்கு அந்தச் சொல் நினைவுக்கு வந்தது. அந்தத் துறை ஆரம்பித்த நாளிலிருந்து எந்தப் பேராசிரியர் வாயிலும் வராத சொல். நாக்கு புரள மறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: “என்னைவிட… என்னைவிட என் பிள்ளை ஒசத்தி.”

முதல் ‘என்னைவிட’வுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் நிர்வாகக் கட்டடத்தில் ஐந்து மணி அடித்து முடிந்திருந்தது. அவள் கால் நகர்கிறதா என்று கண்டக்டர் குனிந்து பார்த்தார். நகரவில்லை. விசில் கொடுத்தார். லிடியா ஜன்னல் வழியாகக் கையாட்டினாள், சந்தோஷமாகத்தான் ஆட்டினாள்.

கனகசபை குடையைப் பிடித்தபடி பக்கத்தில் வந்து நின்றார்.

“நீங்க சொல்லுங்க சார். சுகிர்தாவைவிடன்னு ஆரம்பிச்சு, எதையாவது சொல்லுங்க.”

“நானும் ரிட்டயர் ஆகிட்டேனேம்மா. இல்லன்னாலும் என் வாய்ல ‘போல’தானே வரும்” என்றார் அவர்.

வீட்டுக்கு வந்து, லிடியாவின் கட்டிலில் உட்கார்ந்து, சேர்த்து வைத்ததையெல்லாம் சுகிர்தா சொன்னாள். எல்லாரையும்விட நீதான். எனக்குத் தெரிஞ்ச எல்லாப் புஸ்தகத்தையும்விட நீதான். உங்க அப்பாவைவிடக்கூட நீதான். வெறும் பேச்சு. தலையணைகூட நகரவில்லை.

கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

“யாரு?” என்றாள்.

“ஆமா” என்று பதில் வந்தது.

‘உன்னைவிட எனக்கு யாரு முக்கியம்?’ என்று அவள் சபையில் கேட்டது ஒரு கேள்வி. கேள்வியென்றால் பதில் வரத்தான் செய்யும், பல்கலைக்கழகத்தில் அதற்காவது மரியாதை உண்டு. கதவைத் திறந்தாள். ஒரு தோல்பையோடு அந்த ‘யாரு’ நின்றுகொண்டிருந்தார். முகம் இன்னும் முடிவாகவில்லை, ஆனால் செருப்பை ஒழுங்காக ஓரமாகக் கழற்றினார். காபியா டீயா என்று கேட்டாள். ரெண்டும் பழக்கம்தான் என்றார். தட்டு வைத்து இரண்டு தோசை போட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்தார்.

காலையில் பால்காரர் வந்தார். பிள்ளை போன செய்தி அவருக்கும் தெரிந்திருந்தது. கேனைக் கீழே வைத்துவிட்டு, “இனிமே வீட்ல உங்களுக்கு யாரு இருக்கா, டீச்சரம்மா?” என்று கேட்டார்.

“யாரு இருக்கார்” என்றாள் சுகிர்தா.

“அப்ப அரை லிட்டர் கூட ஊத்தவா?”

“ஊத்துங்க” என்று பாத்திரத்தை நீட்டினாள்.