வீடே நிறைஞ்ச மாதிரி

"பிடிச்சிருக்கா கண்ணு?"

"ரொம்பப் பிடிச்சிருக்கு அத்தை."

"என் மூஞ்சிக்காகச் சொல்லாத. பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிடு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"நிஜமாவே அத்தை. வீடே நிறைஞ்ச மாதிரி இருக்கு."

கல்யாணமான நான்காம் நாள் நடந்த பேச்சு இது. இந்த ஆறு வருஷத்தில் எத்தனையோ முறை அதை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறேன். 'பிடிக்கலைன்னா சொல்லிடு' என்று அத்தை ஒரு கதவைத் திறந்துதான் வைத்தார். நான்தான் சிரித்துக்கொண்டே அதைச் சாத்தினேன்.

அன்றைக்கு எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றது ஒரு விளக்கு. என் தோள் உயரத்துக்கு ஒரு பெண் சிலை, தூக்கிய கையில் பல்பு, முகத்தில் வேண்டாத விருந்தாளியைப் பார்த்த களை. என் வீட்டுக்காரர் அவளுக்குப் 'பெரியம்மா' என்று பெயர் வைத்தார். பெரியம்மா கூடத்துக்குள் வந்ததும் எங்கள் இரண்டு நாற்காலிகளில் ஒன்று சமையலறைக்குப் போனது.

வீடு அத்தையுடையது. மாமா இறந்தபின் அங்கே தனியாக இருந்தவர், எங்கள் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குக் குடிபோனார். சின்னஞ்சிறுசுகள் தனியாக இருக்கட்டுமே என்றுதான். ஆனால் வெறும் வீட்டைக் கொடுத்துவிட்டோமே என்று அவருக்கு உள்ளுக்குள் ஒரு குறை இருந்திருக்கிறது. வந்த மருமகளோ ஒரே ஒரு சூட்கேஸோடு வந்தவள். ஏழு வயதில் அம்மாவைப் பறிகொடுத்து, பஸ் ஓட்டும் அப்பாவோடு ஒற்றை அறையில் வளர்ந்தவள். அப்படிப்பட்டவள் வாயிலிருந்து 'வீடே நிறைஞ்ச மாதிரி' என்று வந்தால், பாவம், அவர்தான் என்ன செய்வார்? நிறைக்க ஆரம்பித்தார்.

அத்தை ஒரு பெரிய ஹோட்டலில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஹோட்டல் எப்போது பழைய சாமான்களைக் கழிக்கும் என்பது அவருக்கு அத்துப்படி. மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வாசலில் வண்டிச் சத்தம் கேட்கும். மூன்று கண்ணாடி வைத்த அலங்கார மேஜை. அறுபது கப், அறுபது சாஸர். பன்னிரண்டு கொக்கியோடு ஒரு கோட் ஸ்டாண்ட். எங்களிடம் இருந்ததோ ஒரே ஒரு மழைக்கோட்டு. முழங்கால் உயரத்தில் ஒரு ஜோடிப் பித்தளைச் சிங்கம். நூறு பேர் வந்து போகிற முன்கூடத்துக்காகச் செய்தவை எல்லாம் எங்கள் இரண்டரை அறைக்குள் வந்து மூச்சு முட்ட நின்றன. அந்த அரை என்பது தெருவைப் பார்த்த சின்ன அறை. போகப் போக அதுதான் எங்கள் கிடங்கு.

அத்தை சும்மா கொடுத்துவிட்டுப் போகிறவரும் இல்லை. போன மாதம் எதை எங்கே வைத்தார் என்று அவருக்கு அப்படியே நினைவிருக்கும். அதனால் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் நாங்கள் 'செட்' போடுவோம். பிளாஸ்டிக் உறைகளைக் கழற்றி, செல்போனில் எடுத்து வைத்த படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் நிறுத்துவோம்.

"ஏங்க, எந்தச் சிங்கம் வலது பக்கம்?"

"வாயைத் திறந்தது வலது. அது எங்கம்மா. வாயை மூடிக்கிட்டு இடது பக்கம் உட்கார்ந்திருக்கு பாரு, அது நான்."

சிரித்திருக்கிறோம். ஆரம்பத்தில் அது சிரிப்பாகத்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன எந்த லிஃப்டையும் நகர்த்திவிடுவார். அம்மாவுக்கு முன்னால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை நகராது. ஒரு முறை துணிந்து அந்தக் கோட் ஸ்டாண்டை ஒரு டாக்டரின் கிளினிக்குக் கொடுத்துவிட்டோம். அத்தை வந்ததும் முதல் கேள்வி, "அது எங்கடா?" இவர், "கொக்கி உடைஞ்சுடுச்சும்மா, ரிப்பேருக்குப் போயிருக்கு" என்றார். அடுத்த மாதம் இன்னொரு கோட் ஸ்டாண்ட் வந்தது. இது பதினாறு கொக்கி. ரிப்பேர் ஆனதும் வரட்டும், அதுவரைக்கும் இது இருக்கட்டும் என்றார் அத்தை.

ஐந்து மாதங்களுக்கு முன் அப்பாவை எங்களோடு அழைத்து வந்தேன். முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவருக்குக் கண் பார்வை மங்கிவிட்டது, தனியாகச் சமைக்க முடியவில்லை. சின்ன அறையில் அலங்கார மேஜைக்கும் சாஸர் பெட்டிகளுக்கும் நடுவே ஒரு மடக்குக் கட்டில் போட்டோம். அந்த அறையின் ஜன்னலுக்குக் கீழேதான் பஸ்கள் திரும்பும். பார்வை மங்கினால் என்ன, அவருக்குச் சத்தம் போதும்.

"கேட்டியா பாப்பா? ரெண்டாவது கியர்ல திருப்புறான். புதுப் பையன். வண்டி அழுவுது பாரு."

பதினோரு நாள் இருந்தார். பன்னிரண்டாம் நாள் காலை, பஸ் சத்தம் கேட்டு ஜன்னலுக்குப் போக எழுந்தவர், வாயை மூடிய சிங்கம் தடுக்கி விழுந்தார்.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். "மூச்சை நல்லா இழுங்க, அப்படியே பிடிச்சுக்கோங்க, ம், விடலாம்" என்று ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் சொல்கிறவள். அப்பாவின் இடுப்பை நானேதான் படம் எடுத்தேன். டாக்டர் பார்க்கும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தொடை எலும்பின் கழுத்தில், பென்சிலால் கோடு போட்ட மாதிரி ஒரு முறிவு. ஈய அங்கியைக் கழற்றாமலே திரைக்குப் பின்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிங்கம் அடிச்சு ஆஸ்பத்திரிக்கு வந்த முதல் டிரைவர் நான்தான்."

"சும்மா இருங்கப்பா."

"உங்க அத்தைகிட்ட பாத்ரூம்ல வழுக்கிடுச்சுன்னு சொல்லிடு. ஆசை ஆசையா வாங்கிக் கொடுத்தவங்க. தெரிஞ்சா மனசு கஷ்டப்படும்."

அப்படியே சொன்னோம். அடுத்த முதல் சனிக்கிழமை அத்தை பன்னிரண்டு ரப்பர் பாய்களோடு வந்தார், பாத்ரூமில் போட. எங்கள் பாத்ரூம் மூன்று பாய்க்கே நிரம்பிவிட்டது. மீதி ஒன்பதும் சின்ன அறைக்குப் போயின.

ஆபரேஷன் முடிந்ததும் அப்பா வாக்கர் பிடித்துத்தான் நடக்கவேண்டும் என்றார்கள். வாக்கர் போக இரண்டடி வழி வேண்டும். சின்ன அறையில் டேப் பிடித்து அளந்தேன். ஒன்றேகால் அடி. "நடக்கிற வரைக்கும்" என்று சொல்லி அவரை ஒரு முதியோர் இல்லத்தில் விட்டோம். அத்தையிடம், அப்பாவே விரும்பித்தான் அங்கே போனார் என்றோம். ஒரு அறைக்கு மூன்று பேர். அவர் கட்டில் கழிவறைக் கதவை ஒட்டி. ஜன்னல் இருந்தது, ஆனால் அதற்கு வெளியே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்.

ஒரு நாள் கேட்டார், குறையாகக்கூட இல்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்பது போல.

"அந்தச் சின்ன ரூம்ல இப்ப என்னம்மா வச்சிருக்கீங்க?"

அவருக்கு நகம் வெட்ட ஆரம்பித்தேன்.

போன புதன்கிழமை இல்லத்திலிருந்து போன் வந்தது. நடக்க முடியாதவர்களை எல்லாம் வேறு ஊரில் இருக்கும் கிளைக்கு மாற்றுகிறார்களாம். இங்கிருந்து எட்டு மணி நேரம். திங்கட்கிழமை காலை வண்டி. "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறதா இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்துடுங்க மேடம்" என்றார் மேனேஜர்.

வியாழக்கிழமை வேலை முடிந்து நேரே அங்கே போனேன். அப்பா அதற்குள் பை கட்டி வைத்திருந்தார். இரண்டு சட்டை, இரண்டு வேட்டி, ரேடியோ.

"எதுக்குப் பதறுற? புது ஊர், புது ரூட். நான் பார்க்காததா?"

"எட்டு மணி நேரம்ப்பா. மாசத்துக்கு ஒரு தடவைகூட வர முடியாது."

"முடிஞ்சப்ப வா." ரேடியோவைப் பைக்குள் இன்னும் ஆழமாகத் தள்ளினார். பிறகு, மிகவும் சின்னக் குரலில், "அங்க பஸ் சத்தம் கேக்குமான்னு மட்டும் விசாரிச்சுச் சொல்லு" என்றார்.

அன்று வீட்டுக்கு வந்து அழுததில் என் வீட்டுக்காரர் பயந்தே போனார்.

"இந்தச் சனிக்கிழமை நானே அம்மாகிட்ட சொல்றேன். சத்தியமா. ரூமைக் காலி பண்றோம், ஞாயித்துக்கிழமை உங்கப்பாவைக் கூட்டிட்டு வர்றோம்."

ஆறு வருஷத்தில் முதல் முறையாக வெள்ளிக்கிழமை நாங்கள் செட் போடவில்லை. ஜன்னல் ஓரத்தைக் காலி செய்தோம். பெரியம்மாவைப் பால்கனியில் முதுகு காட்டி நிறுத்தினோம். சாஸர் பெட்டிகள் எங்கள் படுக்கைக்கு அடியில் போயின. அலங்கார மேஜையைச் சுவரோடு ஒட்டித் தள்ளினோம். ஜன்னலைப் பார்த்துத் தலை வைக்கிற மாதிரி கட்டிலை விரித்து, வெளுத்த போர்வை போட்டேன். அளந்தேன். வாசலிலிருந்து கட்டில் வரை இரண்டடி இரண்டு அங்குலம்.

சனிக்கிழமை பத்து மணிக்கு வண்டி வந்தது.

"பார்த்துப்பா, பார்த்து! கண்ணாடி அது!" படியேறும் முன்பே அத்தையின் குரல் ஏறிவந்தது. அவருக்குப் பின்னால் இரண்டு ஆட்கள், கழுத்து நரம்பு புடைக்க, நாலடி நீளத்தில் ஒரு மீன் தொட்டியைச் சுமந்து வந்தார்கள். அத்தையின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் ஆரஞ்சு நிறத்தில் ஆறு மீன்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு சுற்றின.

"போன மாசம் உன் முகமே சரியில்ல கண்ணு. என்னடான்னு இவன்கிட்ட போன்ல கேட்டா, ஆஸ்பத்திரில வேலை ஜாஸ்திங்கிறான். மீனைப் பார்த்துக்கிட்டே இருந்தா மனசு லேசாயிடுமாம். டிவில சொன்னாங்க."

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மீனைப் பார்த்தார்.

மற்றதையெல்லாம் மூட்டை கட்டி ஒதுக்கிவிடலாம். இதை முடியாது. இது மூச்சு விடும். நாளைக்கும் மூச்சு விடும். தினமும் சாப்பாடு கேட்கும். அத்தை சின்ன அறைக்குள் போய் நின்று சுற்றிலும் பார்த்தார்.

"அட, ஜன்னல் பக்கம் காலியாவே இருக்கு! எனக்காகவே ஒதுக்கி வச்ச மாதிரி. வெளிச்சத்துல மீன் பளபளன்னு இருக்கும்." பிறகு கட்டிலைப் பார்த்தார். "இது எதுக்குடா இங்க?"

இதுதான் அந்த நேரம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். தொண்டையைச் செருமினார்.

"அது... சும்மாதாம்மா. யாராவது வந்தா படுக்க."

"யாரு வரப்போறா? மடக்கி வைடா."

அவர் குனிந்தார். போர்வையை உருவினார். நான் வெள்ளிக்கிழமை மடிப்புக் கலையாமல் விரித்த போர்வை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு கட்டில் காலை மடக்கினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. உதடு மட்டும் அசைந்தது: "அடுத்த மாசம்..."

அடுத்த மாதம் அப்பா எட்டு மணி நேரத் தொலைவில் இருப்பார். சுவரைப் பார்த்துப் படுத்திருப்பார். நான் இங்கே மீனுக்குத் தீனி போட்டுக்கொண்டு நிற்பேன். வீடு நிறைந்துதான் இருக்கும்.

"எம்மா, கை விட்டுப் போகுது. எங்க வைக்கணும்னு சொல்லுங்க" என்றார் தொட்டியைத் தாங்கியவர்களில் ஒருவர்.

"அங்கதான், ஜன்னலுக்குக் கீழ."

கீழே ஒரு பஸ் திரும்பியது. மூன்றாவது கியர், சரியாக. நான் போய் ஜன்னலுக்கு முன்னால் நின்றேன்.

"நகரு கண்ணு, இடிச்சுடப் போறாங்க."

நகரவில்லை.

"என்ன கண்ணு? மீன் பிடிக்கலையா?"

"பிடிக்கல அத்தை."

என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. அத்தையின் முகத்தில் கோபம் எதுவும் இல்லை. கையில் பையோடு, தப்பான சாமானைக் கொடுத்துவிட்டதாக யாரோ சொல்லக் கேட்ட கடைக்காரர் போலத் திகைத்து நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அந்தப் பாவத்தில்தான் ஆறு வருஷம் போயிருந்தது.

"அப்ப வேற என்ன வேணும்னு சொல்லேன். நீ வாயைத் திறந்து எதுவும் கேட்டதே இல்லையே."

என் வீட்டுக்காரர் பாதி மடக்கிய கட்டிலைப் பிடித்தபடி நிமிர்ந்து பார்த்தார்.

"எங்கப்பா பாத்ரூம்ல விழல அத்தை. இந்த ரூம்லதான் விழுந்தாரு, நீங்க கொடுத்த சிங்கம் தடுக்கி. நாளன்னிக்கு அவரை எங்கேயோ கொண்டுபோறாங்க. எனக்கு இனிமே எதுவும் வாங்காதீங்க. இந்த ரூமை மட்டும் காலி பண்ணி எங்கப்பாவுக்குக் கொடுங்க."