ரத்தினசாமி விற்ற ஆஸ்டின்

ரத்தினசாமியை நான் அவர் இவர் என்று எழுதப்போவதில்லை. நேரில் அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். பள்ளிக்கூட வாத்தியாருக்கு நாக்கு அப்படிப் பழகிவிட்டது. காகிதத்தில் அந்தக் கட்டாயம் கிடையாது. மரியாதை குறைகிறதே என்று முகம் சுளிப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துப் படிக்கட்டும்.

நான் அப்போது சாத்தூர் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியார். எங்கள் முதல் பிள்ளையை, விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் பஸ் வரும் வரும் என்று ரோட்டோரம் காத்திருந்தே பறிகொடுத்திருந்தோம். நாலு வருஷம் கழித்து என் மனைவி ஞானதீபம் மறுபடி உண்டானபோது ஒரே ஒரு முடிவு எடுத்தேன். வலி வரும் நாளில் என் வாசலில் ஒரு கார் நிற்க வேண்டும்.

ரத்தினசாமிக்குச் சிவகாசி ரோட்டில் பட்டாசுக் கம்பெனி இருந்தது. அறுபத்து மூன்று பேர் வேலை பார்த்தார்கள். புதுக் கார் வாங்கிவிட்டதால் பழையதை விற்கிறான் என்று கேள்விப்பட்டு, 1961 ஜனவரியில் ஒருநாள் காலை ஏழு மணிக்கு அவன் வீட்டு வாசலில் போய் நின்றேன். அவனும் ஞானப்பாட்டு ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தான். நாற்பத்தொன்பது மாடல் ஆஸ்டின், நாலு சிலிண்டர், நாற்பது குதிரைச் சக்தி, கேலனுக்கு முப்பது மைல், குடும்பத்தோடு போக நாலு கதவு, மீட்டரில் முப்பத்தோராயிரம் மைல்தான். சாவியைத் திருப்பியதும் எஞ்சின் பூனை மாதிரி உறுமியது. துளிப் புகை இல்லை. பானட்டைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது. நமக்காகக் காலையிலேயே எழுந்து சூடு பண்ணி வைத்திருக்கிறாரே, எவ்வளவு நல்ல மனுஷன் என்று நினைத்தேன். கணக்கு வாத்தியாரின் மூளை அன்றைக்கு அந்த லட்சணத்தில் இருந்தது.

"அண்ணாச்சி, பிரசவத்துக்குன்னு வாங்குறேன். நம்பிப் போகலாமா?" என்று கேட்டேன்.

"வாத்தியாரய்யா, எஞ்சின் கல்லுக் கணக்கா இருக்கு. இருக்கன்குடி ஆத்தா மேல ஆணையாச் சொல்லுதேன், உங்க வீட்டம்மாவ இது நடுரோட்டுல விடாது."

நான் வேதக்காரன், எனக்கு அது சாமி இல்லை. ஆனால் அவனுக்கு அவன் சாமியிடமாவது பயம் இருக்கும் என்று நம்பி வாங்கினேன்.

அந்த நாளுக்கென்றே காரை வாசலில் நிறுத்தி, எப்போதாவது மத்தியானத்தில் மட்டும் கொஞ்சம் ஓட்டிப் பார்ப்பேன். ஜூன் மாதம், மத்தியானம் இரண்டு மணிக்கு வலி கண்டது. காரில் ஏற்றினேன். எட்டாவது மைலில் எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் அடிப்பது போலக் கேட்டது. நீலப் புகை கிளம்பி, கார் நின்றது. வெயில் மண்டையைப் பிளக்கிறது, ரோட்டில் ஈ காக்கை இல்லை. கடைசியில் மிளகாய் வற்றல் மூட்டை ஏற்றி வந்த மாட்டுவண்டிக்காரர் நாலு மூட்டையை இறக்கிப் போட்டுவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தார். விருதுநகர் போய்ச் சேர இரண்டரை மணி நேரம். ஆண் பிள்ளை. அழவில்லை. ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அந்த ஒரு மணி நேரத்தை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

காரைக் கயிறு கட்டி இழுத்துவந்து, சாத்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த யோபுவிடம் விட்டேன். எஞ்சினைப் பிரித்துப் பார்த்துவிட்டு அவர் கையைக்கூடத் துடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரே, எஞ்சின் ஆயில்ல கெட்டியான கியர் ஆயிலக் கலந்து ஊத்தியிருக்கானுவ. கொஞ்ச நாளைக்குப் புகையும் வராது, சத்தமும் தெரியாது. காலையில குளிர்ந்த எஞ்சின் கிளம்பாதுன்னுதான் முன்னாடியே சூடு பண்ணி வச்சிருக்கான். மூணு பிஸ்டன் ரிங்கு முறிஞ்சு கெடக்கு, ஒரு வால்வு கருகிப்போச்சு. மைல் மீட்டர் கம்பிய எப்பமோ கழட்டிட்டான். இது லட்சம் மைலு ஓடுன கட்டை."

"வித்தவனுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரியாம கியர் ஆயிலு தானா நடந்து வந்து விழுமா?"

நேரே கம்பெனிக்குப் போனேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் கொஞ்சமாவது தலையைக் குனிவான் என்று எதிர்பார்த்தேன். அவன் வேலையாட்களுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னான்: "என் எஞ்சின் நல்ல எஞ்சின். ஓட்டத் தெரியாத ஆளுக்குக் குடுத்தது என் தப்பு. உம்ம பிள்ளை செத்தது என் காராலே இல்லவே, உம்ம கையாலே."

அன்றைக்கு எனக்கு ஒரே வெறி பிடித்தது. தெரிந்துதான் விற்றேன் என்று, இதே ஆட்கள் முன்னால், அவன் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். பணம் வேண்டாம், கார் வேண்டாம், அந்த ஒரு வார்த்தை போதும்.

அதற்கு வழியைக் காட்டியதும் அந்தக் கார்தான். யோபு ரிங்கை மாற்றி ஓட வைத்தார். கருகிய வால்வுக்கு மதுரையிலிருந்து சாமான் வர வேண்டும், அதுவரை சைலன்சரில் சத்தம் வரும் என்றார். ஓட்டிப் பார்க்கச் சிவகாசி ரோட்டில் போனேன். ரத்தினசாமி கம்பெனிக்கு எதிரே, சத்தம் எப்படி என்று பார்க்க, உருளும்போதே சாவியை அணைத்து மறுபடி போட்டேன். எரியாத பெட்ரோல் சைலன்சருக்குள் போய்ச் சேர்ந்து 'டமார்' என்று வெடித்தது. அணுகுண்டு தோற்றது.

பட்டாசுக் கம்பெனியில் ஒரு சட்டம் உண்டு. சத்தம் கேட்டால் என்ன ஏது என்று பார்க்கக் கூடாது. கையில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டு வேலிக்கு வெளியே பொட்டலுக்கு ஓட வேண்டும். அங்கே தலையை எண்ணி, ஃபோர்மேன் எல்லா ஷெட்டையும் பார்த்துவந்து சரி என்று சொன்ன பிறகுதான் உள்ளே போகலாம். அறுபத்து மூன்று பேரும் ஓடினார்கள். திரும்ப வேலை தொடங்க முக்கால் மணி நேரம் ஆனது. ரத்தினசாமி பொட்டலில் நின்று கத்துவதை ரோட்டிலிருந்தே பார்த்தேன். ஜூனுக்குப் பிறகு அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது.

வால்வு சாமான் வந்தது. மாட்ட வேண்டாம் என்று யோபுவிடம் சொல்லிவிட்டேன்.

தீபாவளி சீசன். ஆர்டர் குவிந்து லோடு ஏற்ற லாரிகள் காத்துக் கிடந்தன. நான் பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் போனேன், சனிக்கிழமை இரண்டு நடை. டமார், ஓட்டம், முக்கால் மணி நேரம். ரத்தினசாமி போலீசுக்கும் போக முடியாது. போனால் இந்தக் காரை வாத்தியாருக்கு யார் விற்றது என்று முதல் கேள்வி வரும். காரைத் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் என்று ஆள் அனுப்பினான். "நல்ல எஞ்சினாச்சே, எதுக்கு அண்ணாச்சிக்குத் திருப்பிக் குடுக்கணும்?" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு சனிக்கிழமை ஞானதீபம் தானாக வந்து பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். வெடித்ததும் கண்ணை மூடிக்கொண்டு, "இன்னொருக்கா போடுங்க" என்றாள். போட்டேன்.

செப்டம்பரில் ஒருநாள் வெடித்தது, ஒருவரும் ஓடவில்லை. வேலியோரம் திரி காயப்போட்டுக்கொண்டிருந்த சுப்புத்தாய் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. ரோட்டுச் சத்தத்துக்கு ஓடினால் அரை நாள் கூலி கிடையாது என்று ரத்தினசாமி உத்தரவு போட்டிருந்தான். தோற்றுவிட்டேனே என்று எனக்கு ஆத்திரம். திரும்பி வந்து இன்னும் இரண்டு முறை போட்டேன். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அதற்கு மேல் யோசிக்க என் கோபம் விடவில்லை.

அடுத்த வாரம் கம்பெனி காவலாளி சங்கிலிமுத்து சந்தையில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அய்யா, உங்களுக்கே நல்லாருக்கா? இப்பம் நான் சந்தைக்குக் கெளம்பையில என்ன அம்புட்டுச் சத்தம்! தகரமெல்லாம் அதிர்ந்துபோச்சு. நம்ம ஆளுக ஒருத்தருகூட எந்திரிக்கலையே, வாத்தியாரு காருதானன்னு இருந்துட்டாக."

"என் கார் நேத்திலிருந்து யோபு ஒர்க்‌ஷாப்பில் சக்கரம் இல்லாம நிக்குது, சங்கிலிமுத்து."

பக்கத்துக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறை போய்விட்டது, இரண்டு பேர் வெந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்கள் என்று அப்புறம்தான் தெரிந்தது. காற்று அந்தப் பக்கம் அடித்ததால் நெருப்பு இந்தப் பக்கம் வரவில்லை. வந்திருந்தால் அறுபத்து மூன்று பேரும் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள், ஓடுகிற பழக்கத்தை நான் கெடுத்துவிட்டதால். அன்றைக்குக் கடைக்காரர் கையிலிருந்த தராசைப் பார்க்கவே பயமாக இருந்தது. காய்கறி வாங்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ரத்தினசாமியிடம் போனேன். "அண்ணாச்சி, இனி அந்த ரோட்டுக்கே வரமாட்டேன். சத்தம் கேட்டா ஓடணும்னு ஆளுகளுக்குத் திரும்பச் சொல்லுங்க."

அவன் சாவகாசமாக வெற்றிலை மடித்தான். "சொல்லலாம். ஆனா ரெண்டு மாசமா ஊரெல்லாம் என் காரப் பத்திப் பேசி என் பேரக் கெடுத்தீரு. சனிக்கிழமை கூலி குடுக்கையில அம்புட்டுப் பேரும் இருப்பாக. கார் நல்ல காரு, எனக்குத்தான் ஓட்டத் தெரியலன்னு அவுக முன்னாடி சொல்லிரும். அன்னைக்கே உத்தரவ எடுத்துருதேன்."

அவனை அங்கேயே கழுத்தை நெரித்திருப்பேன். அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் பிள்ளையை நானே கொன்றேன் என்று அர்த்தம்.

வீட்டில் வந்து சொன்னேன். ஞானதீபம் அரிசியில் கல் பொறுக்கி முடித்தாள். பிறகு சொன்னாள்: "ஆண்டவருக்குத் தெரியும், யோபுக்கும் தெரியும். சுப்புத்தாய்க்கு மூணு பிள்ளைக. போய்ச் சொல்லிட்டு வாங்க."

சனிக்கிழமை சொன்னேன். "கார் நல்ல கார். எஞ்சினில் ஒரு குறையும் இல்லை. எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை." வகுப்பில் பாடம் சொல்கிற குரலிலேயே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னேன். அவன் பக்கத்தில் நின்று தலையை ஆட்டி, கூலி பிடிக்கிற உத்தரவை எடுத்துவிட்டதாகச் சொன்னான். இனி அந்தக் கார் இந்தப் பக்கம் வராது, எந்தச் சத்தம் கேட்டாலும் ஓடுங்கள் என்றும் நானே சொன்னேன். சுப்புத்தாய் மட்டும் என் முகத்தைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். யோபு சொன்ன விஷயம் அவர்களுக்கும் எட்டியிருந்தது. மறுநாளே வால்வை மாற்றச் சொல்லிவிட்டேன்.

தீபாவளிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது நாலாவது ஷெட்டில் மருந்து உராய்ந்து தீப்பிடித்தது. முதல் சத்தம் கேட்டதும் எல்லாரும் போட்டது போட்டபடி ஓடினார்கள். இரண்டாவது வெடியில் நாலு ஷெட்டும் தரைமட்டம். சத்தம் கேட்டு நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனபோது பொட்டலில் தலையை எண்ணிக்கொண்டிருந்தார்கள். நானும் எண்ணினேன். அறுபத்து மூன்று. ஒரு கீறல் இல்லை. சுப்புத்தாய் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், நானும் அழுதேன்.

எல்லாருக்கும் முன்னால் ஓடிவந்தவன் ரத்தினசாமிதான் என்றார் சங்கிலிமுத்து. வேட்டியைக் கம்பிவேலிக்குக் கொடுத்துவிட்டு, யாரோ ஒருவருடைய துண்டைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைச் சேர்த்தால் அறுபத்து நாலு.

அன்று சாயங்காலம் கோயிலில் முழங்கால் போட்டு அறுபத்து மூன்று பேருக்கும் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன். அறுபத்து நாலாவது ஆளுக்கு இன்னும் சொல்லவில்லை.