எங்கள் வீட்டுக் கோழி

எங்கள் வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணச் சகுனம் பார்க்க எங்கள் வீட்டுக் கோழிதான் அறுபடும். என் தகப்பனார் குமங்கன் காலத்தில் அப்படி. அவருடைய தகப்பனார் காலத்திலும் அப்படி. என் மகள் ஃபெலிசாவைத் தங்கள் பையன் தெல்ஃபினுக்குப் பெண் கேட்டு, ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அவன் வீட்டார் வந்த அன்றும் நான் அதைத்தான் செய்தேன்.

இரு வீட்டுக்கும் நடுவே நின்று பேசியவர் பூசாரி லூனாக். அவர் மந்திரம் சொல்லிக் கோழியைக் கீறுவார். பித்தப்பை கருத்து, நிறைந்து, ஈரலுக்கு வெளியே தெரிந்தால் முன்னோர்களுக்குச் சம்மதம். ஈரல் அதை மூடியிருந்தால் அந்தச் சம்பந்தம் வேண்டாம்.

முதல் கோழியைக் கீறியதும் லூனாக் விரலால் ஈரலைத் தள்ளித் தள்ளித் தேடினார். ஈரல் வீங்கிக் கிடந்தது. மேலெல்லாம் மஞ்சள் வட்டங்கள். பித்தப்பை எங்கேயோ அடியில் ஒளிந்திருந்தது. அவர் கத்தி குடலில் பட்டுவிட்டது. வாழையிலையில் வெள்ளைப் புழுக்கள் சேமியாவைப் போல் சரிந்து விழுந்து நெளிந்தன.

தெல்ஃபினின் தாய் தோமிங்கா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள்.

“இதென்னங்க இது, கோழிக்குத் தீனி போட்டீங்களா, பூச்சிக்குப் போட்டீங்களா?”

அவள் பக்கத்து ஆட்கள் சிரித்தார்கள். நான் இரண்டாவது கோழியைப் பிடித்துக் கொடுத்தேன். அதுவும் அப்படியே. மூன்றாவதைப் பிடிக்க எழுந்தபோது லூனாக் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

“போதும்ணே. இன்னிக்கு அவங்க சம்மதிக்கல.”

“யாரு? முன்னோருங்களா, இல்ல இந்தா உக்காந்து சிரிக்கிறாங்களே இவங்களா?”

“கோவப்படாதீங்க. அறுவடை முடியட்டும், திரும்பக் கேட்டுப் பாக்கலாம்.”

அரிசிக் கள் ஜாடியின் வாய்க்கட்டைக்கூட அவிழ்க்காமல், தூண்கள்மேல் நிற்கும் எங்கள் வீட்டின் படி இறங்கினார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் வெறும் வயிற்றோடு திரும்பியது அன்றுதான்.

ஃபெலிசா மட்டும் அந்தக் குடலைக் குச்சியால் கிளறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, இது சகுனம் இல்ல. குடல்பூச்சி. வீட்டுக்கு அடியில எப்பவும் ஈரம். அதுங்க எச்சத்த அதுங்களே கிளறித் தின்னுது. மருந்து குடுத்தா சரியாப் போயிடும்.”

சில நாள் கழித்து தெல்ஃபின் தனியாக வந்தான். கையில் துணி மூடிய கூடை. உள்ளே இரண்டு கோழிகள்.

“மாமா, எங்க வீட்டுக் கோழி. உங்க கோழிங்களோட விட்டுடுங்க. பூசாரி லூனாக்க வரச் சொல்லி அடுத்த வாரமே பாத்துடலாம். அம்மாவுக்குக் கோழி மூஞ்சியெல்லாம் அடையாளம் தெரியாது.”

கதவோரம் நின்ற ஃபெலிசா சிரித்துவிட்டாள். நான் சிரிக்கவில்லை.

“எம் பொண்ணுக்குச் சகுனம் பாக்க இரவல் கோழியா? தூக்கிட்டுப் போ.”

“கோழிதானே மாமா...”

“கோழிதானேன்னா உங்கம்மா எதுக்குச் சிரிச்சா?”

அவன் கூடையைத் தூக்கினான். அவனுக்கு நான் வெற்றிலை பாக்குக்கூட நீட்டவில்லை. ஃபெலிசா வரப்பு முனைவரை அவனோடு போய், வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

“அவங்க வீட்ல வேற இடம் பாக்கறாங்கப்பா. அறுவடை வரைக்கும்தான் அவனால தள்ளிப்போட முடியுமாம்.”

“அதுக்குள்ள நம்ம கோழி தேறிடும்.”

இன்றைக்குக் கேட்டாலும் அந்த இரவல் கோழிகளை நான் வாங்கியிருக்க மாட்டேன்.

நான் மெல்லும் பாக்கு என் மரத்துப் பாக்கு. பூச்சி மருந்தாக அதையே இடித்து, பழைய சோற்றில் உருட்டி, முந்தின மாலையிலிருந்து பட்டினி போட்ட கோழிகளுக்குக் கொடுத்தேன். பூச்சி விழுந்தது. செவலைப் பெட்டை பெரியதாயிற்றே என்று அதற்குப் பெரிய உருண்டையாகக் கொடுத்தேன். அது வாயில் நீர் ஒழுக நடுங்கி, மதியத்துக்குள் செத்துப் போயிற்று.

“பாக்கு நீங்க மெல்லறதுக்கு. கோழிக்கு அளவு தப்பினா விஷம்தான்,” என்றாள் ஃபெலிசா. ஜீப் ஏறி டவுனுக்குப் போய் மருந்துப் பொடி வாங்கி வந்தாள். வேறு தண்ணீர் எதுவும் வைக்காமல், மருந்து கலந்த தண்ணீரை மட்டும் வைத்துக் குடிக்கவிட்டாள். விழுந்த எச்சத்தைக் கூட்டி எரித்தாள். வீட்டுக்கு அடியில் சுண்ணாம்பும் சாம்பலும் கொட்டி, மூங்கிலைப் பிளந்து உயரத்தில் கூண்டு கட்டினாள். மருந்து குடித்த நாட்களில் இட்ட முட்டைகளைத் தின்னக் கூடாதென்று உடைத்துக் குழியில் ஊற்றினாள். மிஞ்சிய குஞ்சுப் பூச்சிகள் வளர்ந்து முட்டையிடுவதற்குள் இன்னொரு வேளை மருந்து கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தாள். தினமும் காலையில் ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்துக் கொண்டையைப் பார்ப்பாள்.

“இதுக்கு இன்னும் வெளுப்பு போகல. நீ என்னடி, சீக்கிரம் செவந்து தொலையேன். உனக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டிருக்கோம்,” என்று கோழியிடம் சொல்லுவாள்.

அறுவடை முடிந்தது. தெல்ஃபின் மறுபடி வந்தான். இந்தத் தடவை வெறுங்கை.

“கோழிங்க நல்லாத்தானே இருக்கு மாமா. லூனாக் கையில பாக்கு குடுத்து எங்க வீட்டாருக்கு அழைப்பு அனுப்புங்களேன்.”

“நேத்துகூட எச்சத்துல ஒரு பூச்சி கிடந்துச்சு. இன்னொரு வேளை மருந்து பாக்கியிருக்கு. அது முடிஞ்சு ஈரலும் ஆறட்டும். நானே அனுப்பறேன்.”

“அதுக்குள்ள எங்க வீட்ல...”

“எம் வீட்ல இன்னொரு தடவ யாரும் சிரிக்கக் கூடாது.”

அவன் ஃபெலிசாவைப் பார்த்தான். அவள் மடியில் ஒரு கோழி இருந்தது. அதன் இறகை நீவிக்கொண்டே இருந்தாளே தவிர நிமிரவில்லை. அவன் போன பிறகும் நீவிக்கொண்டிருந்தாள்.

கோழிகள் எல்லாம் கொண்டை சிவந்து, எச்சம் சுத்தமாகி, நெஞ்சில் சதை பிடித்த பிறகு தெல்ஃபின் வீட்டாருக்குக் கொடுக்கச் சொல்லி லூனாக்கிடம் வெற்றிலை பாக்குப் பை அனுப்பினேன். மறுநாள் அவரே அதை எடுத்துக்கொண்டு வந்தார். முடிச்சு அவிழ்க்கப்படவில்லை.

“அண்ணே, மேட்டுத் தெருவுல ஒரு வீட்ல தெல்ஃபினுக்குப் பொண்ணு பேசி முடிச்சாச்சு. நான்தான் கோழி அறுத்தேன். பித்தப்பை நல்லா இருந்துச்சு. இல்லன்னு நான் எப்படிச் சொல்ல?”

“பையன் என்ன சொன்னான்?”

“ரெண்டு தடவ உங்க வீட்டுப் படி ஏறிட்டேன்னு மட்டும் சொன்னான்.”

நான் எழுந்து போய் ஒரு கோழியைப் பிடித்து வந்தேன். லூனாக் மந்திரம் சொல்லவில்லை, தடுக்கவும் இல்லை. நானே அறுத்து நானே கீறினேன். ஈரல் ஆற்றுக் கல் போல் வழவழப்பாக இருந்தது. ஒரு வட்டம் இல்லை. பித்தப்பை அதற்கு வெளியே, கருத்து, நிறைந்து, மினுங்கிக்கொண்டு கிடந்தது.

“இதைவிட நல்லதா நான் பாத்ததில்லண்ணே,” என்று சொல்லிவிட்டு லூனாக் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் ஃபெலிசாவைக் கூப்பிட்டேன். முடிச்சு அவிழாத பையை அவள் முதலில் பார்த்தாள். பிறகு இலையைப் பார்த்தாள்.

“பாத்தியா? நம்ம வீட்ல ஒரு குறையும் இல்ல.”

“இல்லப்பா.”

அவள் குந்தி உட்கார்ந்து என் கையிலிருந்த கத்தியை வாங்கினாள். கறிக்கு வெட்டும்போது எல்லாரும் செய்வதுபோல, பித்தப்பை உடையாமல், கசப்பு ஈரலில் படாமல், அதைப் பக்குவமாக அறுத்து எடுத்து முற்றத்தில் வீசினாள். ஒரு பெட்டை அதைக் கொத்திக்கொண்டு ஓடியது. மற்றவை எல்லாம் அதைத் துரத்திக்கொண்டு, முற்றத்தைச் சுற்றி இறகு பறக்க ஓடின.

“நல்லா ஓடுதுங்கப்பா,” என்றாள். இலையை மடித்து எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள்.