யுகிகாசேக்கு ஓர் இழை

சகாயசெல்வியின் இளமை முழுவதையும் கடல் கொண்டுபோயிற்று. கணவர் மரியஜான் சரக்குக் கப்பல்களில் இயந்திரம் காத்தவர். ஆண்டில் ஒரு திங்கள் இனயம் என்னும் கடலோர ஊரின் வீட்டில் தங்கினால் அதுவே பெரும்பேறு. ஓய்வுக்குப் பின்னாவது தனக்குரியவராக இருப்பார் என்று, நெய்தல் தலைவியினும் பொறுமையாக அவள் காத்திருந்தாள். வந்தவரோ உணவு மேசையில் ஒன்றரைச் சாண் நீளத்துக்கு ஒரு கப்பலைக் கட்டத் தொடங்கிவிட்டார்.

ஜப்பானியரின் போர்க்கால நாசகாரிக் கப்பலின் சிற்றுரு அது. யுகிகாசே என்று பெயர். பனிக்காற்று என்று பொருளாம். உடன்சென்ற கப்பல்கள் ஒவ்வொன்றாய் ஆழியில் அமிழ, நீரில் தத்தளித்தவரை ஏற்றிக்கொண்டு அது மட்டும் கரை சேர்ந்தது. போர் ஓய்ந்தபின் அயல்நிலங்களில் தவித்த தன் மக்களையும் வீடு சேர்த்தது. இதைச் சொல்லும்போது மரியஜானின் குரல் குழையும். 'அவ' என்றுதான் கப்பலைச் சொல்வார். தூரிகையால் அதன் மேல்தளத்தை அவர் துடைக்கும் மென்மையைக் காணும்போதெல்லாம், கணவனின் தேர் பரத்தையின் வாயிலில் நிற்கக் கண்டவள்போல் சகாயசெல்வி வெந்தாள். புதுச் சேலை உடுத்தி அவள் முன்னே வந்த நாளில், "வெளிச்சத்த மறைக்காத செல்வி" என்றவர் அவர்.

அன்று காலை கப்பலின் கொடிமரங்களுக்கிடையே ஒரு முடி கம்பியாக இழுத்துக் கட்டியிருந்தது. கருகருவென்ற முடி.

"இது யாருக்க முடி?"

"அடுத்த வீட்டு சஜிதாக்க. வயர்லெஸ் கம்பிக்கு முடிதான் கொள்ளாம், அத்தன மெலிசு."

"போயி கேட்டியளாக்கும்?"

"மதிலுக்க பக்கம் நின்னு தலை கோதிட்டு இருந்தா. கேட்டேன், தந்தா."

"எனக்க தலை என்ன, மொட்டையாவா கெடக்கு?"

"ஒனக்கது நரச்சாச்சுல்லாட்டி. கம்பி கறுப்பா இருக்கணும்."

அவள் தையல் பெட்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். அவர் எழுவதற்குள் அக்கருமுடி இரண்டாயிற்று. பிறகு கொண்டையை அவிழ்த்து, ஓர் இழையைப் பறித்து, அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

"கெட்டுங்க."

"வெள்ளையா இருக்கே செல்வி."

"சண்டை முழுக்கப் பாத்து, எல்லாரையும் கரைசேத்து, கடைசிவரை தாக்குப்பிடிச்சவளுக்கு முடி மட்டும் கறுப்பாவா இருக்கும்?"

யுகிகாசேயின் வரலாறு முழுவதையும் அறிந்த மரியஜான் சாமணத்தால் இழையை எடுத்து, பசை தொட்டு, முன்கொடிமரத்திலிருந்து பின்கொடிமரத்துக்கு இழுத்துக் கட்டினார். சாளர ஒளியில் அது வெள்ளிபோல் மின்னியது.

"கீழ இன்னொரு கம்பி உண்டு," என்றார்.

"அதுக்கு எங்க போகப் போறிய? மதிலுக்க பக்கமா?"

மரியஜான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கப்பலை விட்டு நிமிர்ந்து, அவிழ்ந்து கிடந்த அவள் கூந்தலை நெடுநேரம் பார்த்தார்.

"கொஞ்சம் குனி," என்றார். "நானே எடுக்கேன்."