மூன்று பத்துக்கு நிற்கும் இயந்திரம்

"அந்தச் செவப்புப் பொத்தான்ல மட்டும் கை வைக்காத மா," என்றாள் கிருஷ்ணம்மா.

"அதுல கை வைக்கத்தானேக்கா பாய் என்னைக் கூப்பிட்டிருக்காரு," என்றாள் ஷாமளா.

பாய் என்றால் முதலாளி அப்துல் ஹலீம். பத்து பாகாட் ஊரில் ஒரு கடைவீட்டின் கீழ்த்தளத்தில், சட்டைக் காலர் பின்னித் தரும் சிறிய ஆலை அவருடையது. ஆறு இயந்திரங்களில் ஐந்து புதியவை. ஆறாவதை ஓட்டுவது ஒரு பழைய வீட்டுக் கணினி. விசைப்பலகையும் கணினியும் ஒரே பெட்டிக்குள் இருக்கும். ஒரு காலத்தில் பிள்ளைகள் தொலைக்காட்சியில் இணைத்து விளையாடிய வகை. எந்த ஊசி எழ வேண்டும், எந்த நிற நூல் வர வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் அது சொல்லச் சொல்ல, பின்னல் தலை இடமும் வலமுமாக ஓடும்.

அதற்கான நிரலை எழுதியவர் ராஜசேகரன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு பிற்பகலில், அதே மேசையில் உட்கார்ந்திருந்தபோதே நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். நிரலைப் பதிந்து வைத்திருந்த ஒலிநாடா பூஞ்சை பிடித்து வீணாயிற்று. இப்போது அந்த நிரல் உலகத்தில் ஒரே இடத்தில்தான் இருந்தது: ஓடிக்கொண்டிருக்கும் அந்தக் கணினியின் நினைவகத்தில். மின்சாரத்தை நிறுத்தினால் நினைவகம் வெறுமையாகிவிடும். அதனால் பக்கத்திலேயே ஒரு கார் பேட்டரியை வைத்து, இத்தனை ஆண்டும் யாரும் அதை அணைக்காமல் பார்த்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை ஆலை ஊருக்கு வெளியே புதுக் கட்டடத்துக்கு மாறுகிறது. பேட்டரியோடு கணினியை லோரியில் ஏற்றலாம் என்றால், சாலையில் ஒரே ஒரு குலுக்கல் போதும், எல்லாம் போய்விடும். ஹலீம் பாய் கறாராகச் சொல்லிவிட்டார். "புதன்கிழமைக்குள்ள காப்பி எடுத்தா இதுவும் வரும். இல்லன்னா பெசி பூரோக் லோரியில பழைய இரும்போட போவும். கிருஷ்ணம்மா, அப்புறம் உனக்கு அங்க வேலை இல்லலா. புது மெஷினுக்கெல்லாம் ஆள் இருக்கு."

கிருஷ்ணம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. ஆறாவது இயந்திரத்தைத் தவிர வேறு எதையும் அவள் ஓட்டியதில்லை.

ஷாமளா பக்கத்து ஊரான சிம்பாங் ரெங்கத்துக்காரி. தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்பு வேலை. ஓய்வு நேரத்தில் பழைய கணினிகளைப் பழுது பார்ப்பாள். எதைத் தொட்டாலும் அது எப்படி ஓடுகிறது என்று பக்கத்தில் நிற்பவருக்குச் சொல்லாமல் அவளால் இருக்க முடியாது. கணினியின் முதுகில் செருகியிருந்த, சிகரெட் பெட்டி அளவுக் கருப்புப் பெட்டியைக் காட்டினாள். அதன் மேல்தான் அந்தச் சிவப்புப் பொத்தான்.

"இது கார்ட்ரிட்ஜ்கா. புரோகிராம் எழுதறவங்க, தப்பு எங்கன்னு தேடறதுக்கு வச்சிருப்பாங்க. கம்ப்யூட்டர் மூளைக்கு நெறைய ஒயர் போகுது. மத்த ஒயர்ல கூப்பிட்டா, 'இரு, வேலையா இருக்கேன்'னு அது சொல்லலாம். ஒரே ஒரு ஒயர்ல மட்டும் அப்படிச் சொல்ல முடியாது. அதுல கூப்பிட்டா கையில இருக்கறத அப்படியே போட்டுட்டு வரணும். இந்தப் பொத்தான் அந்த ஒயர்ல கூப்பிடுது."

"வந்து என்னா செய்யும்?"

"ஒறைஞ்சு நிக்கும். எந்த வரி, எந்த ஊசி, அடுத்தது என்னா, எல்லாம் அந்த நொடியில இருந்த மாதிரியே. அத மொத்தமா நாடாவுல எறக்கிக்கலாம். பத்து வருசம் கழிச்சு ஏத்தினாலும் அதே நொடியிலேர்ந்து ஓடும்."

"தூங்கி எழுந்த மாதிரியா?"

"தூங்கினதே தெரியாதுக்கா."

"சேகரண்ணனும் இப்படித்தான் சொல்லிச் சொல்லிக் குடுப்பாரு," என்றாள் கிருஷ்ணம்மா.

ஷாமளா கொண்டுவந்திருந்த சின்னத் தொலைக்காட்சியைக் கணினியோடு இணைத்தாள். திரையில் வரி எண்கள் ஓடின. சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. அழுத்தமாக, மெதுவாக, சாய்த்து, எப்படி அழுத்தியும் வரி எண்கள் பாட்டுக்கு ஓடின. பொத்தான் செத்திருந்தது. திறந்து பார்க்கலாமென்றால், ஓடும் கணினியிலிருந்து கார்ட்ரிட்ஜை உருவினால் அந்தக் கணமே நிரல் போய்விடும்.

வேறு வழியை யோசித்தபடி அவள் நின்றிருந்தபோது, கிருஷ்ணம்மா எழுந்து போய் ஒரு கிளாஸ் பாலில்லாத தேநீரைக் கொண்டுவந்து கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"எனக்காக்கா? வேணாம், இப்பதான் குடிச்சேன்."

"உனக்கில்ல."

சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. பின்னல் தலை பாதி வரியில் நின்றது.

"தெனமும் நிக்கும்," என்றாள் கிருஷ்ணம்மா. "அண்ணன் தே குடிக்கிற நேரம். ஒரு நிமிசம். அப்புறம் தானா ஓடும்."

ஷாமளாவுக்குச் சிரிப்பு வந்தது. அதற்குள் அவள் கண் திரைக்குப் போயிற்று. வரி எண்கள் அங்கே இல்லை. கார்ட்ரிட்ஜின் பட்டியல் நின்றிருந்தது: நாடாவில் பதிய 'எஸ்', தொடர 'சி'. கணினி உறைந்திருந்தது. பொத்தானை யாரும் தொடவில்லை. அவள் வாய் திறப்பதற்குள் பட்டியல் மறைந்தது. பின்னல் தலை விட்ட இடத்திலிருந்து ஓடத் தொடங்கியது. இத்தனை ஆண்டும் கணினியில் திரை இல்லாததால், நின்றது மட்டும்தான் எல்லோருக்கும் தெரியும். எதனால் நின்றது என்று யாருக்கும் தெரியாது.

"ஈரத்துல பொத்தானோட காண்டாக்ட் தானா ஒட்டியிருக்கும்கா," என்றாள். வீடு திரும்பும் வழியில்தான் அவளுக்கு உறைத்தது. பட்டியலுக்குள் போவது பழுதினால் நடக்கலாம். வெளியே வர ஒரு விசையை அழுத்தியாக வேண்டும். 'சி'யை அழுத்தியது யார்?

அந்தக் கேள்வியை ஒதுக்கி வைத்தாள். கையில் ஒரே ஒரு நாள்தான். பொத்தான் வேலை செய்யாதபோது, கணினி தானாக உறையும் அந்த ஒரு நிமிடத்தை விட்டால் நிரலை எடுக்க வழியில்லை.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கே அவள் கணினியோடு இணைத்த பதிவுக் கருவியில் புது நாடாவைப் பொருத்திவிட்டு, 'எஸ்' விசைக்கு மேலே விரலைத் தூக்கிப் பிடித்தபடி நின்றாள். ஹலீம் பாயும் வந்து நின்றார். கிருஷ்ணம்மா தேநீரை வைத்துவிட்டு, வெறும் நாற்காலியைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "அண்ணே, இன்னிக்கு இந்தப் பொண்ணு கொஞ்சம் எடுத்துக்கட்டும். அவசரப்படாதீங்க."

"சும்மா இரு கிருஷ்ணம்மா, பயமுறுத்தாத," என்றார் பாய்.

மூன்று பத்து. பட்டியல் வந்தது. ஷாமளா 'எஸ்'ஸை அழுத்தினாள். நாடா சுழன்றது. ஏழு நிமிடம் மூவரும் அசையவில்லை. கடைசியில் பதிவு முடிந்து பட்டியல் திரும்பி வர, அவள் மூச்சை விட்டு நாடாவை எடுக்கக் குனிந்தாள். தலைக்கு மேலே விசைப்பலகையில் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. நிமிர்ந்தபோது இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

"பாய், நீங்களா?"

பாய் கதவோரம் போய்விட்டிருந்தார். இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். கிருஷ்ணம்மா இயந்திரத்துக்கு அந்தப் பக்கத்தில் இருந்தாள்.

புதன்கிழமை காலை கிருஷ்ணம்மாவே மின்சாரத்தை நிறுத்தினாள். இருபத்தாறு ஆண்டு எரிந்த சின்னப் பச்சை விளக்கு அணைந்தது. இனி தைரியமாகத் திறக்கலாம். ஷாமளா கார்ட்ரிட்ஜை உருவி, திருகைக் கழற்றிப் பார்த்தாள். பொத்தானிலிருந்து போகும் ஒயர் அறுந்திருந்தது. இரு முனைகளுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடைவெளி. இரண்டிலும் பச்சைக் களிம்பு தடிப்பாகப் படிந்திருந்தது. அறுந்து எத்தனையோ ஆண்டு ஆகியிருக்கும். எந்த ஈரத்திலும் அவை ஒட்டியிருக்க முடியாது.

பற்றவைப்புக் கோல் சூடாகக் கையில் இருந்தது. பழுதைக் கண்டபின் சரிசெய்யாமல் ஒரு பெட்டியையும் அவள் மூடியதில்லை. கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கோலை அணைத்துவிட்டு, அறுந்த ஒயர் அறுந்தபடியே இருக்க, பெட்டியை மூடினாள்.

அன்று மாலைக்குள் எல்லாம் லோரியில் ஏறிப் புதுக் கட்டடத்துக்குப் போயின. வியாழக்கிழமை காலை ஒன்பது நாற்பதுக்கு ஷாமளா நாடாவை ஏற்றி முடித்தாள். பட்டியல் வந்தது. 'சி'யை இந்த முறை அவளே அழுத்தினாள். செவ்வாய்க்கிழமை பாதியில் நின்ற வரியை இயந்திரம் மீண்டும் முடித்துக் கொடுத்தது.

"அலமாக்! ஓடுது!" என்றார் பாய். கிருஷ்ணம்மாவின் தோளில் தட்டினார். "உன் நாற்காலிய எங்க போடணும்னு பாத்துக்க." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஷாமளாவுக்கு இன்னும் ஒரு கணக்கு பாக்கியிருந்தது. "அக்கா, கேளுங்க. இந்தக் கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடிகாரம் ஓடுது. அதையும் சேத்துத்தான் நாடாவுல எறக்கினோம். நான் இப்ப ஏத்துனப்ப, நமக்கு மணி ஒம்போது நாப்பது. அதுக்கு மூணு பத்து. அந்தக் கடிகாரத்தப் பாத்து நிக்கறதா இருந்தா, இனிமே நாளைக்குக் காலையில ஒம்போது நாப்பதுக்குத்தான் நிக்கும். இன்னிக்கு மூணு பத்துக்கு நிக்காது. தே போட வேணாம்."

"அப்படியா?"

"அப்படித்தான்கா. எடமும் மாறிடுச்சு."

கிருஷ்ணம்மா தேநீர் போடவில்லை. மூன்று மணி ஆயிற்று. மூன்று ஐந்து ஆயிற்று. புதுக் கட்டடத்தின் தகரக் கூரை வெயிலில் சடசடத்தது. ஷாமளா தன்னுடைய தேநீர்க் குவளையைப் பிடித்தபடி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று பத்துக்குப் பின்னல் தலை நின்றது.

திரையில் பட்டியல். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு. ஐந்து. இயந்திரம் ஓடவில்லை. பாய் எட்டிப் பார்த்தார். "என்னாச்சு? கெட்டுப் போச்சா?"

ஷாமளாவின் விரல் 'சி'யை நோக்கிப் போயிற்று.

"கை வைக்காத," என்றாள் கிருஷ்ணம்மா.

ஷாமளா கையை இழுத்துக்கொண்டாள். என்ன செய்வதென்று தெரியாமல், தன் குவளையைக் கணினிக்குப் பக்கத்தில் வைத்தாள். ஒன்றும் அசையவில்லை.

"அதுல சீனி இருக்கு," என்றாள் கிருஷ்ணம்மா. "அவருக்கு இனிப்பு நீரு, சர்க்கரை வியாதி. தே ஓ, பாலும் சீனியும் போடாம கோசோங்காத்தான் குடிப்பாரு." எழுந்து போனாள். தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, ஷாமளாவின் குவளையை நகர்த்திவிட்டு, ஆவி பறக்கும் கிளாஸை அந்த இடத்தில் வைத்தாள். "கோவிச்சுக்காதீங்கண்ணே. இந்தப் பொண்ணு கணக்குப் போட்டுச்சு."

ஒரு நிமிடம் ஆயிற்று. ஷாமளா விசைப்பலகையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. 'சி' விசை, ஒரு விரலின் கனத்துக்கு, நிதானமாக உள்ளே இறங்கி மேலே வந்தது.

பின்னல் தலை ஓடத் தொடங்கியது.

கிளம்பும்போது ஷாமளா, இயந்திரத்தை எப்படி ஓட்ட வேண்டும் என்று எழுதிய தாளை வழக்கம்போலக் கணினிக்கு மேலே சுவரில் ஒட்டினாள். நாடாவை எப்படி ஏற்றுவது, பேட்டரியை எப்போது மாற்றுவது, எந்த விசை எதற்கு. ஒட்டிய பிறகு பேனாவை மறுபடி எடுத்து, அடியில் ஒரு வரி சேர்த்தாள்.

3.10: தே ஓ. சீனி இல்லாமல். 'சி'யை யாரும் அழுத்த வேண்டாம்.